நோயும் விருந்தும்: 'திருமதி டாலோவே' நாவலை மீண்டும் படித்தபோது

விருந்தோம்பலைப் போற்றாத தமிழ் நூல் அரிது. முகர்ந்த அளவில் வாடும் அனிச்சத்தைக் காட்டி, விருந்தினர் உள்ளம் அதனினும் மெல்லியது என்று வள்ளுவர் நமக்கு நினைவூட்டுகிறார். வரவேற்பவரின் முகம் சற்றே வேறுபட்டாலும் வந்தவர் வாடிவிடுவார். இவ்வறிவுரையில் மெல்லியவர் விருந்தினரே. விருந்து அளிப்பவர் உடல்நலம் உள்ளவர், நெடுநேரம் நிற்கத் தக்க கால்களையும் இடைவிடாது சிரிக்கத் தக்க முகத்தையும் உடையவர் என்பது சொல்லாமலே அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் வாயிலில் நின்று வரவேற்பவரே அனிச்சமாக இருந்தால்? அவருடைய நோய் இன்று வந்து நாளை நீங்குவதாக இல்லாமல், வாழ்நாளெல்லாம் உடன் வருவதாக இருந்தால்? அவர் விருந்து அளிக்கத்தான் வேண்டுமா? அளித்தால் அது அன்பா, வீண் பெருமையா?

இக்கேள்விகளை ஒரு முழு நாவலாக விரித்துக் கேட்ட நூல் ஒன்று ஆங்கிலத்தில் உண்டு. வர்ஜீனியா வுல்ஃப் எழுதி 1925ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த 'திருமதி டாலோவே' என்னும் நாவலே அது. குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில் நாம் இதை முதன்முறை படித்தோம். செல்வச் சீமாட்டி ஒருத்தி மலர் வாங்குவதும், கிழிந்த ஆடையைத் தைப்பதும், மாலையில் பெரிய மனிதர்களை அழைத்து உபசரிப்பதும் ஒரு நாவலுக்குரிய பொருளா என்று எண்ணி நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அக்காலத்தில் விடுதலை இறையியல் பற்றிய நூல்கள் நம் மேசையில் குவிந்திருந்தன. இலண்டன் சீமாட்டிக்கு அம்மேசையில் இடம் இல்லை.

இப்போது நமக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. நீரிழிவு பல ஆண்டுகளாக உடன் இருக்கிறது. அண்மைக் காலமாக இதயமும் தளர்ந்திருக்கிறது. நாவலின் தலைவி கிளாரிசா டாலோவேக்கும் வயது ஐம்பத்தொன்று. அவருக்கும் இதயம் பழுது. மருத்துவர் ஓய்வு கொள்ளச் சொல்லியிருந்த ஒரு மாதத்தில் இந்நூலை மீண்டும் எடுத்தோம். முன்பு நாம் படித்தது வேறு நூலோ என்று ஐயுறும்படி இருந்தது.

கதையின் போக்கு

1923ஆம் ஆண்டு ஜூன் மாத நடுவில் ஒரு புதன்கிழமை. நாடாளுமன்ற உறுப்பினர் ரிச்சர்ட் டாலோவேயின் மனைவியாகிய கிளாரிசா, வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள தம் இல்லத்தில் அன்றிரவு ஒரு விருந்து அளிக்க இருக்கிறார். காலையில் தாமே மலர் வாங்கப் புறப்படுகிறார். திரும்பி வந்ததும், கணவரை மட்டும் மதிய உணவுக்கு அழைத்துத் தம்மை அழைக்காத ஒரு சீமாட்டியின் செய்தி காத்திருக்கிறது. அது அவரைப் புண்படுத்துகிறது. பிறகு பச்சை ஆடையின் கிழிசலைத் தைக்க அமர்கிறார். இளமையில் அவரை மணக்க விரும்பிய பீட்டர் வால்ஷ், ஐந்தாண்டுகளுக்குப் பின் இந்தியாவிலிருந்து திரும்பி, எதிர்பாராத வேளையில் வந்து நிற்கிறார். மதியத்திற்குப் பின் சிறிது ஓய்வு. இரவில் விருந்து. பிரதமரே வந்து செல்கிறார்.

இதே நாளில், இதே நகரில், மற்றொரு நோயாளி அலைந்துகொண்டிருக்கிறார். முதல் உலகப் போரில் தம் தோழனை இழந்து, மனம் சிதைந்துபோன செப்டிமஸ் என்னும் இளைஞர் அவர். புகழ்பெற்ற மருத்துவர் சர் வில்லியம் பிராட்ஷா, அவரை மனைவியிடமிருந்து பிரித்து ஓர் இல்லத்திற்கு அனுப்பத் தீர்மானிக்கிறார். அன்று மாலையே செப்டிமஸ் சாளரத்தின் வழியே குதித்து உயிரிழக்கிறார். கிளாரிசாவும் அவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆயினும் அம்மருத்துவர் இரவு விருந்துக்குத் தாமதமாக வருகிறார். இளைஞரின் சாவுச் செய்தியும் அவருடன் விருந்துக்குள் நுழைகிறது.

அடைப்புக்குறிக்குள் ஒரு நோய்

கிளாரிசாவின் நோயை ஆசிரியர் நமக்கு அறிவிக்கும் முறை கருதத்தக்கது. நாவலின் தொடக்கத்தில் அவர் சாலையோரம் நிற்கிறார். அண்டை வீட்டார் ஒருவர் அவரைப் பார்த்து, சுறுசுறுப்பான ஒரு பறவையைப்போல் இருக்கிறார் என்றும், நோய்க்குப் பின் மிகவும் வெளிறிப்போனார் என்றும் எண்ணுகிறார். பிக் பென் மணி ஒலிப்பதற்கு முன் ஒரு கணம் அமைதி நிலவுகிறது. அவ்வமைதி நகரத்தினுடையதா, அல்லது காய்ச்சலால் கெட்டுவிட்டதாகப் பிறர் சொல்லும் தம் இதயத்தினுடையதா என்று கிளாரிசாவுக்கு ஓர் ஐயம். அந்த ஐயத்தை ஆசிரியர் அடைப்புக்குறிக்குள் இட்டுவிட்டு மேலே செல்கிறார், மணி ஒலிக்கிறது, கதை நடக்கிறது.

நெடுநாள் நோயாளிகள் தம் நோயைப் பேசும் முறை இதுவேயன்றோ! நலம் விசாரித்தால் நன்றாக இருக்கிறோம் என்பார்கள். நோய் அடைப்புக்குறிக்குள் போய்விடும். அது பொய் அன்று. நாள்தோறும் உடன் இருப்பதை நாள்தோறும் அறிவித்துக்கொண்டிருக்க இயலாது என்பதே காரணம். கூர்ந்து படிக்கும் வாசகர், அந்த அடைப்புக்குறி நாவல் முழுவதையும் தாங்கி நிற்பதைக் காண்பார்.

கிளாரிசாவின் நோய்க்குக் காரணமாகச் சொல்லப்படுவது இன்ஃப்ளுயென்சா. அது எந்த ஆண்டுக் காய்ச்சல் என்று நாவல் சொல்லவில்லை. ஆயினும் 1918-19இல் பிரித்தானியாவில் மட்டும் ஏறத்தாழ 2,28,000 உயிர்களையும், இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களையும் கொள்ளைகொண்ட பெருந்தொற்றை அன்றைய வாசகர் எவரும் மறந்திருக்க மாட்டார். 2020இல் தொடங்கிய கொரோனாப் பெருந்தொற்றைக் கண்ட நமக்கும் இது விளங்காத செய்தி அன்று. காய்ச்சல் நீங்கிய பின்னும் படியேற மூச்சு வாங்குகிறவர்கள், சிறு வேலைக்கும் நெஞ்சு படபடக்கிறவர்கள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். பார்வைக்கு நலமாய் இருப்பதே அவர்களுக்கு ஒரு சுமை.

கிளாரிசாவின் இல்லத்தில் இந்நோய்க்கு என்று ஓர் இடமும் உண்டு. அவர் தடையின்றித் தூங்க வேண்டும் என்று கணவர் வற்புறுத்தியதால், மாடியின் உச்சியில் ஒடுங்கிய கட்டிலோடு ஒரு தனியறை அவருக்கு வாய்த்திருக்கிறது. அவர் படியேறி அவ்வறைக்குச் செல்வதைத் துறவி ஒருத்தி உலகை விட்டு ஒதுங்குவதற்கு ஆசிரியர் ஒப்பிடுகிறார். சமயப் பற்று இல்லாத எழுத்தாளர் ஒருவர், நோயின் தனிமைக்குக் கன்னியர் மடத்தின் உவமையைத் தேர்ந்துகொண்டது நம் சிந்தனைக்கு உரியது. துறவியின் அறை அவள் தேர்ந்துகொண்டது. நோயாளியின் அறையோ அவளுக்கு விதிக்கப்பட்டது. அந்த அறையிலிருந்து இறங்கி வந்துதான் கிளாரிசா விருந்து அளிக்கிறார்.

இருவர் சாட்டும் குறை

கிளாரிசாவின் விருந்துகளை அவர்மேல் அன்புள்ள இருவருமே குறை கூறுகிறார்கள். பீட்டர் வால்ஷின் கண்ணில் அவை பகட்டு. பெரிய மனிதர்களைச் சுற்றிலும் நிறுத்திக்கொண்டு மகிழும் சிறுமை அது என்பது அவர் எண்ணம். இளமையிலேயே, நீ பிரதமர் ஒருவரை மணந்துகொண்டு மாடிப்படியின் உச்சியில் நின்று வரவேற்கப் பிறந்தவள் என்று அவர் ஏளனம் செய்ய, கிளாரிசா தனியே அழுதது உண்டு. கணவர் ரிச்சர்டின் குறையோ வேறு. பரபரப்பு இதயத்திற்கு ஆகாது என்று அறிந்திருந்தும் அதை விரும்புவது சிறுபிள்ளைத்தனம் என்று அவர் கருதுகிறார். ரோஜா மலர்களை ஏந்தி வந்து, அன்பைச் சொல்ல நினைத்து, சொல்லாமலேயே நின்று, பிறகு தலையணையையும் போர்வையையும் எடுத்துவைத்து ஒரு மணி நேரம் ஓய்வெடு என்கிற அன்பர் அவர். மருத்துவர் எப்போதோ ஒருமுறை சொன்னதை அவர் வேதவாக்காகக் கொள்கிறார்.

இருவரும் தவறாக எண்ணுகிறார்கள் என்று சாய்விருக்கையில் படுத்தபடியே கிளாரிசா நினைக்கிறார். இப்பகுதியைப் படித்தபோது நாம் நூலை மூடிவைத்துவிட்டோம். குருமடத்தில் நாம் பீட்டர் வால்ஷாக இருந்து இந்நூலைப் படித்தோம் என்பது மட்டுமன்று. பிற்காலத்தில் பங்குத்தந்தையாக ரிச்சர்டின் தவற்றையும் செய்தோம் என்பது அப்போதுதான் நெஞ்சில் உறைத்தது.

முன்பு நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில், மாதந்தோறும் ஓர் இல்லத்தில் அன்பியக் கூட்டம் நடைபெறும். செபம் முடிந்ததும் இல்லத்தார் எளிய சிற்றுண்டி தருவார்கள். அவ்வன்பியத்தில் முடக்குவாதத்தால் விரல்கள் வீங்கி, மூட்டுகள் இறுகிப்போன தாய் ஒருவர் இருந்தார். ஒருமுறை அவர் இல்லத்தில் கூட்டம் நடந்தபோது, சுவரைப் பிடித்தபடி அவர் அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்ததைக் கண்டோம். இரக்கம் மேலிட்டது. அடுத்த ஆண்டுப் பட்டியல் தயாரித்தபோது அவர் இல்லத்தை நீக்கிவிட்டோம். நல்லது செய்துவிட்டோம் என்னும் நிறைவும் இருந்தது. அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவர் நம்மிடம் வந்தார்.

"சாமி, எனக்கு வலி இருக்குறது உண்மைதான். ஆனா எங்க வீட்டை எடுத்துடுங்கன்னு நான் சொல்லலையே. வலி போனதுக்கு அப்புறம்தான் எங்க வீட்டுல ஜெபம்னா, இனிமே எங்க வீட்டுல ஜெபமே கிடையாதா?"

நம்மிடம் விடை இல்லை. பட்டியலில் அவர் பெயரை மீண்டும் எழுதினோம்.

யாருக்குக் காணிக்கை?

அத்தாயின் கேள்விக்கும் கிளாரிசாவின் எண்ணத்துக்கும் உள்ள உறவு என்ன? சாய்விருக்கையில் படுத்துக் கிளாரிசா தம் விருந்துகளின் காரணத்தைத் தாமே தேடுகிறார். நகரின் ஒரு பகுதியில் ஒருவர் இருக்கிறார். வேறொரு பகுதியில் மற்றொருவர். இன்னோர் இடத்தில் இன்னொருவர். அவர்கள் இருப்பதைத் தம்மால் உணர முடிகிறது. ஒருவரையொருவர் அறியாமல் அவர்கள் தனித்தனியே கிடப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று தோன்றுகிறது. அவர்களை ஒன்றுசேர்த்தால் நலம் என்று தோன்றுகிறது. ஆகவே விருந்து. அது ஒரு காணிக்கை என்கிறார். யாருக்கு என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார். காணிக்கைக்காகவே காணிக்கையோ என்பதற்கு மேல் அவருக்கு விடை கிடைக்கவில்லை. எழுதவோ, இசைக்கவோ, ஆழ்ந்து ஆராயவோ தமக்குத் திறமை இல்லை. தம்மிடம் உள்ள ஒரே கொடை இதுதான் என்பது மட்டும் அவருக்குத் தெரிகிறது.

காணிக்கை என்னும் சொல்லைக் கேட்டதும் குருவாகிய நம் செவி விழித்துக்கொள்வது இயல்பு. ஆனால் அவசரப்பட்டுக் கிளாரிசாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடக் கூடாது. அவருக்குச் சமய நம்பிக்கை இல்லை. அவருடைய மகளுக்குப் பாடம் சொல்லித்தரும் பக்தைமிக்க மிஸ் கில்மனை நாவல் கடுமையாகவே தீட்டுகிறது. பிறர்மீது வெறுப்பையும் தன்மீது இரக்கத்தையும் சுமந்துகொண்டு செபிக்கும் பெண் அவர். அச்சித்திரம் ஒருதலைப்பட்சமானது என்று நாம் வாதிடலாம். ஆயினும், மதம் மாற்றும் ஆவல் மற்றவரின் தனிமைக்குள் மிதித்துக்கொண்டு நுழையும்போது அது அன்பைக் கொன்றுவிடும் என்னும் எச்சரிக்கை, நாம் செவிமடுக்க வேண்டிய ஒன்றே.

நோய் என்ன செய்கிறது? அது மனிதரைப் பெறுபவராக மட்டும் ஆக்கிவிடுகிறது. மருந்தைப் பெறுகிறார், பரிவைப் பெறுகிறார், அறிவுரையைப் பெறுகிறார். தருபவர் என்னும் நிலை அவரிடமிருந்து மெல்ல நழுவுகிறது. விருந்து அளிக்கும் அந்த ஒரு மாலையில் அவர் மீண்டும் தருபவர் ஆகிறார். கிளாரிசாவின் விருந்து நோயை மறைக்கும் திரை அன்று. நோய் பறிக்க முயலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மறுக்கும் செயல். நம் பங்கின் தாய் கேட்டதும் இதைத்தான். அவர் இல்லத்தைப் பட்டியலிலிருந்து நீக்கியபோது, அவருக்கு ஓய்வு கொடுத்ததாக நாம் எண்ணினோம். உண்மையில் அவர் கையிலிருந்த காணிக்கையைப் பிடுங்கிக்கொண்டோம்.

சிறிய அறை

விருந்து தொடங்குகிறது. கிளாரிசா மாடிப்படியின் உச்சியில் நின்று ஒவ்வொருவரையும் வரவேற்கிறார். அவருக்கு அதில் முதலில் மகிழ்ச்சி இல்லை. அங்கே அறைந்துவைத்த முளைக்கழிபோல் தாம் நிற்பதாக உணர்கிறார். விருந்து தோற்றுவிடும் என்று அஞ்சுகிறார். காற்றில் பறக்கும் திரைச்சீலையை விருந்தினர் ஒருவர் கையால் ஒதுக்கிவிட்டுத் தம் பேச்சைத் தொடர்வதைக் கண்ட பிறகே அச்சம் தணிகிறது. நோயுற்ற நிலையில் விருந்து அளித்த எவரும் இதை அறிவார். கடந்த ஆண்டு நம் பங்குத் திருவிழாவன்று, வருகை தந்த குருக்களை உணவறை வாயிலில் நின்று நாம் வரவேற்றபோது நம் எண்ணமெல்லாம் வீங்கிய கால்களின்மேல் இருந்தது. முகம் சிரித்தது, மனம் நாற்காலிகளை எண்ணியது. இலைமுன் அமர்ந்தவர்கள் தம்மை மறந்து உரக்கப் பேசத் தொடங்கியபோதுதான் மூச்சு சீராயிற்று.

பின்னர் சாவு பற்றிய செய்தி வருகிறது. மருத்துவரும் அவர் மனைவியும் தாமதத்திற்குக் காரணமாக அதைச் சொல்கிறார்கள். இளைஞரின் பெயர்கூடச் சொல்லப்படுவதில்லை. கிளாரிசா யாரிடமும் சொல்லாமல் அருகிலுள்ள சிறிய அறைக்குள் செல்கிறார். சற்று முன் பிரதமர் அமர்ந்திருந்த அறை அது. இப்போது வெறுமையாய் இருக்கிறது. விபத்துகளைக் கேட்கும்போதெல்லாம் அவருடைய உடலே முதலில் அதை உணர்ந்துவிடும் என்கிறார் ஆசிரியர். முன்பின் அறியாத இளைஞனின் வீழ்ச்சியை அவர் தம் உடலிலேயே அனுபவிக்கிறார். அந்த மருத்துவரைப் போன்றவர்கள் வாழ்வைத் தாங்க முடியாததாக ஆக்கிவிடுவார்கள் என்பதை, யாரும் சொல்லாமலேயே ஊகித்தும்விடுகிறார். நலமுள்ளவர்கள் நிறைந்த அந்தக் கூடத்தில், செப்டிமஸைப் புரிந்துகொள்ள ஒரு நோயாளியால்தான் முடிகிறது.

இவ்விடத்தில் கிளாரிசாவின் எண்ணங்களில் ஒன்றை நம்மால் ஏற்க இயலாது. அவ்விளைஞன் உயிரை எறிந்துவிட்டதைக் குறித்து அவர் ஒரு கணம் மகிழ்வதுபோல் பேசுகிறார். நம் கண்ணில் அச்சாவு இரங்கத்தக்க இழப்பே; தடுத்திருக்கக் கூடிய இழப்பும் ஆகும். ஆனால் நாவல் அக்கணத்தோடு நின்றுவிடவில்லை. கிளாரிசா திரையை விலக்குகிறார். எதிர்வீட்டில் மூதாட்டி ஒருவர் தனியே படுக்கைக்குச் செல்ல ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறார். மணி ஒலிக்கிறது. விருந்தினரிடம் திரும்ப வேண்டும் என்று கிளாரிசா உணர்கிறார், திரும்புகிறார்.

1928இல் இந்நாவலின் அமெரிக்கப் பதிப்பு ஒன்றுக்கு எழுதிய முன்னுரையில், முதல் திட்டத்தில் செப்டிமஸ் என்னும் பாத்திரமே இல்லை என்றும், விருந்தின் முடிவில் கிளாரிசாவே தம்மை மாய்த்துக்கொள்வதாகவோ இறந்துபோவதாகவோ இருந்தது என்றும் வர்ஜீனியா வுல்ஃப் தெரிவிக்கிறார். அவ்வாறு எழுதியிருந்தால், நோயாளி விருந்து அளித்தது அவர் கணவர் அஞ்சிய தண்டனையில் போய் முடிந்திருக்கும். ஆசிரியர் அதை மாற்றினார். விருந்து அளித்தவர் சாகவில்லை. சிறிய அறைக்குள் சென்று, அங்கே தம் நோயையும் பிறர் சாவையும் எதிர்கொண்டு, மீண்டும் கூடத்துக்கு வருகிறார். அவர் அங்கே நிற்பதைப் பீட்டர் வால்ஷ் காண்பதோடு நாவல் நிறைவுறுகிறது. காலையில் பழித்த அதே கண்கள் இரவில் அவர் வருகையால் சிலிர்க்கின்றன.

எழுதியவரின் நோய்

வர்ஜீனியா வுல்ஃப் நோயை அயலாராக நின்று எழுதியவர் அல்லர். 1882இல் பிறந்து 1941இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட அவரை, இளமை முதல் மனநோயும் கடும் தலைவலியும் காய்ச்சலும் மாறிமாறி வருத்தின. அவருடைய கணவர் லியனார்டு வுல்ஃப், 1904 முதல் 1911 வரை இலங்கையில் அரசுப் பணி புரிந்தவர், யாழ்ப்பாணத்திலும் பணியாற்றியவர். மனைவியின் நோய் 1913இல் கடுமையானபோது, அதன் போக்கைப் பிறர் படித்தறியாதபடி தமிழ், சிங்கள எழுத்துகளைக் கொண்டு தம் நாட்குறிப்பில் அவர் குறித்துவைத்தார். ஆங்கில இலக்கியத்தின் பெரும் படைப்பாளி ஒருவருடைய துன்பம் நம் எழுத்துக்குள் மறைத்துவைக்கப்பட்டது என்பதை நினைக்கும்போது நெஞ்சம் நெகிழ்கிறது. அந்நோயை அடைப்புக்குறிக்குள் வைத்தார் மனைவி. அயல் எழுத்துக்குள் வைத்தார் கணவர்.

விருந்துகளை மிகவும் விரும்பிய மனைவிக்கு இரவில் நெடுநேரம் விழித்திருக்கக் கூடாது என்று லியனார்டு கட்டுப்பாடு விதித்ததும் உண்டு. ரிச்சர்டின் தலையணையும் போர்வையும் எங்கிருந்து வந்தன என்பதை ஊகிக்கலாம். நாவல் வெளிவந்து மூன்று மாதங்களில், 1925ஆம் ஆண்டு ஆகஸ்டில், தமக்கையின் இல்லத்தில் நடந்த ஒரு பிறந்தநாள் விருந்தின்போது அவர் மயங்கி விழுந்தார். தொடர்ந்து பல மாதங்கள் நோயில் கழிந்தன. நோயுற்றிருத்தல் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை அக்காலத்தில் எழுந்து 1926இல் வெளிவந்தது. காதலுக்கும் போருக்கும் இடம் தந்த இலக்கியம் நோய்க்கு ஏன் இடம் தரவில்லை என்று அதில் அவர் கேட்கிறார். அதற்குரிய விடையை ஓராண்டுக்கு முன்பே நாவலாக எழுதிவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது.

நாவலின் குறைகள்

இத்துணை பாராட்டியபின் குறைகளையும் சொல்வது திறனாய்வின் கடமை. கிளாரிசாவின் விருந்தில் உழைப்பவர் யார்? வெள்ளிப் பாத்திரங்களைத் துலக்குபவள் பணிப்பெண் லூசி. அடுக்களையில் வியர்ப்பவர் சமையற்காரர் திருமதி வாக்கர். பணிப்பெண்களுக்கு வேலை மிகுதி என்று எண்ணித் தம் ஆடையைத் தாமே தைக்கிறார் கிளாரிசா. அது நல்ல உள்ளம். ஆனால் லூசிக்கு நெஞ்சுவலி வந்தால் ஏறிப் படுக்க எந்த மாடியறை உண்டு? நாவல் அக்கேள்வியைக் கேட்பதில்லை. பணியாள் இல்லாத இல்லங்களில் நோயுற்று விருந்து அளிப்பவரின் நிலை இந்நூலில் இடம்பெறவில்லை.

விருந்தினர் தேர்விலும் குறை உண்டு. ஏழை உறவினராகிய எல்லி ஹெண்டர்சனை அழைக்கக் கிளாரிசாவுக்கு மனம் இல்லை. பிறர் வேண்டியதால் கடைசியில் அழைக்கிறார். சளித்தொல்லைக்கு எளிதில் ஆளாகும் எல்லி, ஒரு மூலையில் தனியே நின்று வேடிக்கை பார்க்கிறார். அவரிடம் நின்று பேசுபவர் ரிச்சர்டே. மேலும், கணவர் ஆர்மீனியருக்காக நடக்கும் குழுக் கூட்டத்திற்குச் செல்லும்போது, அம்மக்களின் துயரைவிடத் தம் ரோஜாக்களே தமக்குப் பெரிதாய் இருப்பதைக் கிளாரிசா உணர்கிறார். எந்த மக்கள் என்பதையே குழப்பிக்கொள்கிறார். மறைக்காமல் இதை எழுதியது ஆசிரியரின் நேர்மை. ஆயினும், எல்லோரையும் ஒன்றுசேர்க்கும் காணிக்கை என்று சொல்லப்பட்டது ஒரு வகுப்பாரின் கூடத்துக்குள்ளேயே நின்றுவிட்டது என்பதை நாம் மறக்கலாகாது. செப்டிமஸ் உயிரோடு வந்திருந்தால் அவ்வாயிலில் அவருக்கு வரவேற்பு இருந்திருக்குமா என்பது ஐயமே.

காய்ச்சல் நீங்காதவர்கள்

நற்செய்தியில் சீமோனின் மாமியாரைக் காண்கிறோம். காய்ச்சலாய்க் கிடந்த அவரை இயேசு கைபிடித்துத் தூக்குகிறார்; காய்ச்சல் நீங்குகிறது; அவர் எழுந்து அவர்களுக்குப் பணிவிடை செய்கிறார். இப்பகுதியின்மேல் நாம் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். குணமடைந்தவர் பணிபுரிய வேண்டும் என்பதே ஒவ்வொரு முறையும் நம் கருத்தாக இருந்தது. காய்ச்சல் நீங்காமலே எழுந்து பணிவிடை செய்பவர்கள் நம் எதிரிலேயே அமர்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி நாம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மும்முறை வேண்டியும் அது நீங்காமலே ஊர் ஊராய்ப் பணிசெய்த பவுலடியார் அவர்களுடைய தோழர்.

அந்தத் தாயின் இல்லத்தில் அன்பியக் கூட்டம் மீண்டும் நடந்தது. இம்முறை அண்டை வீட்டுப் பெண்கள் சிற்றுண்டியைத் தத்தம் வீடுகளில் செய்து எடுத்து வந்தார்கள். அவர் வாயிலருகே நாற்காலியில் அமர்ந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்றார். விளக்கையும் அவரே ஏற்றினார். நற்செய்திப் பகிர்வின் நடுவில் எழுந்து உள்ளறைக்குச் சென்றார். யாரும் அவரைத் தொடர்ந்து போகவில்லை. யாரும் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து அமர்ந்தார். காப்பியை ஊற்ற அவர் விரல்களால் இயலாது; ஆனால் யாருக்குச் சர்க்கரை வேண்டாம் என்பது அவருக்கு நினைவிருந்தது. நம் குவளையைச் சுட்டிக்காட்டி, "சாமிக்குச் சர்க்கரை போட்டுடாதீங்க" என்றார்.

நோயுற்றவர் விருந்துக்கு அழைக்கும்போது, உங்களுக்கு ஏன் இந்தச் சிரமம் என்று மறுத்துவிடுவது நம்மவர் வழக்கம். அன்பு வாசகர்களே, அந்த அழைப்பை மறுக்காமல் செல்லுங்கள். பாத்திரங்களைச் சுமக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வரவேற்கும் உரிமையை அவரிடமே விட்டுவிடுங்கள். நடுவில் அவர் சிறிய அறைக்குள் சென்றால் பேச்சை நிறுத்தாதீர்கள். அவர் திரும்பி வரும்போது அவருடைய நாற்காலி அவருக்காக வெறுமையாய் இருக்கட்டும்.